ஆளுயரத்துக் காடு

விழுப்புரம் மாவட்டத்தில், எங்கள் பக்கத்தில், மரம் நடுவதற்கு ஆள் பஞ்சம் இல்லை. காணையாகட்டும் விழுப்புரமாகட்டும், சுதந்திர தினத்துக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் கன்று நடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நடுகிறார்கள், சாலை ஓரத்தில் நடுகிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. நட்டதில் ஒரு பகுதி பிழைத்து, புங்கனும் வேம்பும் நிழல் விரித்து நிற்கின்றன. அவற்றின் மேல் காக்கை வருகிறது, மைனா வருகிறது, காக்கைக் கூட்டை நம்பிக் குயிலும் வருகிறது. ஆனால் பாடுகிற சின்னப் பறவைகள், அதாவது சின்னான், தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, குண்டுகரிச்சான் போன்றவை, மரம் வளர்ந்த அளவுக்கு ஊருக்குள் வந்து சேரவில்லை. நிழலுக்காக நடுவதும் பறவைக்காக நடுவதும் ஒன்றுதான் என்று எண்ணியிருக்கிறோம். அவை ஒன்றல்ல.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் உயரம் உண்டு. காக்கைக்கு உச்சிக் கிளை. குக்குறுவானுக்குப் பட்டுப்போன கிளையில் துளைத்த பொந்து. பனங்குருத்துக்குக் கீழே தொங்கும் காய்ந்த மட்டையின் உட்புறத்தில் பனை உழவாரன் கூடு ஒட்டுகிறது. சின்னான் கிண்ணம்போல் கட்டும் கூடோ பெரும்பாலும் நம் இடுப்புக்கும் கைநீட்டும் உயரத்துக்கும் நடுவில், இலை அடர்ந்த செடியின் கவட்டையில் இருக்கும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு சிலந்தி நூலும் சருகும் சேர்த்துப் பின்னிய பையைத் தொங்கவிடுவது வாசல் ஓரத்துச் செடியில். தையல்சிட்டு அகன்ற இலையை மடித்துத் தைத்து, உள்ளே எருக்கம் பஞ்சோ இலவம் பஞ்சோ வைத்து முட்டையிடுகிறது. அந்த இலை தரையிலிருந்து முழ உயரத்தில்கூட இருக்கலாம். கருஞ்சிட்டுக்கு மண்சுவரின் ஓட்டை போதும். வெண்புருவச் சின்னான் என்று ஒன்று இருக்கிறது. அதன் குரலைப் புதருக்குள்ளிருந்து உரக்கக் கேட்கலாம். ஆளைப் பார்ப்பதுதான் அரிது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து தங்கும் நாணல் கதிர்க்குருவிகளும் அந்தப் புதருக்குள்தான் 'டெக், டெக்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே நாள் முழுக்கப் புழு தேடுகின்றன.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. பாடும் பறவைகளில் பெரும்பாலானவை ஆளுயரத்தில் வாழ்கின்றன. நாம் நடமாடும் உயரம் எதுவோ, அதே உயரம். ஊரில் நாம் முதலில் வெறுமையாக்குவதும் அந்த உயரத்தைத்தான். சாலையோர மரத்தின் கீழ்க்கிளைகளைப் பேருந்துக்காகக் கழிக்கிறோம். வீட்டு முன்னால் சிமெண்ட் போடுகிறோம். பூங்கா என்றால் ஒட்ட வெட்டிய புல்லும், அதற்கு மேல் பத்தடிக்கு ஒன்றுமில்லாமல் பிறகு தொடங்கும் மரமும் என்று ஆகிவிட்டது. கீழே புல், மேலே கிளை, நடுவே காற்று. அந்த நடுவில்தான் பாட்டு இருந்தது.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குயில் காக்கைக் கூட்டில் பொரிந்து காக்கை ஊட்டி வளர்கிறது. என்றாலும் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியோடு வருவது. குண்டுகரிச்சான் போன்ற பாடும் பறவைகளின் குஞ்சுகள் அப்படி இல்லை. மூத்தவை பாடுவதைக் கேட்டுக் கேட்டு, முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு சரிசெய்துகொண்டு, தம் பாட்டைக் கற்கின்றன. ஒரு தெருவின் குண்டுகரிச்சான்கள் போய்விட்டால் பறவைகளோடு அந்தத் தெருவில் பல தலைமுறையாகக் கற்று வந்த பாடமும் போகிறது. பிறகு எங்கிருந்தோ ஒரு ஜோடி வந்தால், அது தான் கற்ற ஊரின் பாட்டைக் கொண்டுவரும். எனவே இன்னும் மிச்சம் இருக்கும் இடங்களில் அவற்றைத் தக்கவைத்துக்கொள்வது, போனபின் அழைப்பதைவிட மிகவும் பெரிய காரியம்.

ஆளுயரம் எங்கள் ஊர்களில் எப்போதும் காலியாக இருந்ததில்லை. கழனிக்கும் கொல்லைக்கும் உயிர்வேலி இருந்தது. ஆடு தின்னாது என்பதால் நொச்சியும் ஆடாதொடையும் வைப்பார்கள். அவற்றுக்கு நடுவே இலந்தையும் காரையும் சூரைமுள்ளும் தாமாக முளைத்து நெருங்கும். மேலே கோவையும் பிரண்டையும் படரும். கோவைப்பழம் சிவந்தால் சின்னான் வரும், ஆடாதொடை பூத்தால் தேன்சிட்டு வரும். வேலி வைத்தவர் பறவைக்காக வைக்கவில்லை, ஆட்டையும் மாட்டையும் தடுக்க வைத்தார். ஆனாலும் ஊரைச் சுற்றி, வரப்புக்கு வரப்பு, ஓடையிலிருந்து ஏரி வரைக்கும் அறுபடாத ஒரு குறுங்காடு அப்படித்தான் நின்றது. இப்போது அந்த இடத்தில் கல்தூணும் முள்கம்பியும். கம்பி வேலி ஒரு முழம் நிலத்தை மிச்சப்படுத்துகிறது, ஒருநாள் வேலையில் முடிந்துவிடுகிறது. நிலத்துக்குச் சதுர அடிக்கணக்கில் விலை பேசும் காலத்தில் விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு முழத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டாவது எடுத்திருக்கலாம்.

வேலிக்காத்தான் கதை இன்னும் சிக்கலானது. சீமைக்கருவேலத்தை எங்கள் பக்கம் வேலிக்காத்தான் என்போம். வெளிநாட்டிலிருந்து வந்து ஏரி உள்வாயெல்லாம் பிடித்துக்கொண்டது, அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. என்றாலும் நம் புதர்கள் போன பிறகு, முள்ளுக்குள் ஒளியும் பறவைகளுக்கு மிஞ்சிய கூரை அதுதான். பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றுமே வைக்காமல் போவது, மோசமான வீட்டை இடித்துவிட்டுக் குடித்தனக்காரரைத் தெருவில் விடுவது. அகற்றும் இடத்தில் காரையும் களாவும் நொச்சியும் முதலில் ஊன்றி, அவை பிடித்த பிறகு பகுதி பகுதியாக வேலிக்காத்தானை எடுக்கலாம். வேலை கூடும். ஆனால் வேலை முடிந்ததும் அங்கே ஏதாவது உயிரோடு இருக்கும்.

சரி, எதை நடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் மாவட்டத்திலேயே நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் தொடர்ந்து பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சத் துண்டு அது. அய்யனார் காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி குற்றம் என்ற அச்சம் அதைக் காப்பாற்றி வைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவரவியலாளர்களும் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும் இந்த வகைக் கோயில்காடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளே போனால் முதலில் வியப்பாக இருப்பது அதன் குள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் போல் அண்ணாந்து பார்க்கும் மரம் அங்கே இல்லை. வீரை, காசான், உலக்கைப் பாலை, இரும்புளி என்று நிற்கும் மரங்கள் பெரும்பாலும் 10, 12 மீட்டருக்கு மேல் போவதில்லை. அவற்றுக்குக் கீழே குமிழும் காரையும் களாவும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கொடிகளும். குனியாமல் நுழைய முடியாத அடர்த்தி.

அதாவது இந்த மண்ணின் காடே தாழ்ந்த காடு. ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டும் மழையை நம்பி வாழும் நிலத்தில், உயர்வதைவிட அடர்வதுதான் பிழைக்கும் வழி என்று அந்தத் தாவரங்கள் கண்டுகொண்டன. நம் பாடும் பறவைகள் அந்த அடர்த்திக்குப் பழகியவை. நாம் பசுமை என்று மனதில் வரைந்து வைத்திருக்கும் படமோ வேறு எங்கோ உள்ள நெடுமரத் தோப்பின் படம். படம் தப்பு என்பதால் நடவும் தப்புகிறது.

அந்தக் காட்டின் மரங்களிலும் புதர்களிலும் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள சிறு பழங்களைக் காய்க்கின்றன. காற்றை நம்பி விதை விடுபவை குறைவு. பழத்தைத் தின்று வேறிடத்தில் எச்சமிடப் பறவை வேண்டும், வௌவால் வேண்டும். பழம் பறவைக்காக, பறவை மரத்துக்காக என்று அங்கே ஒரு நீண்ட ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பனைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பனைமட்டை இடுக்கில் ஏதோ ஒரு பறவை உட்கார்ந்து போட்ட எச்சத்திலிருந்து ஆல் முளைத்து, விழுது இறக்கி, கடைசியில் பனையே தெரியாதபடி தழுவி நிற்கும். அந்த ஆலை எந்த ஊராட்சியும் நடவில்லை. கோபுரத்து விரிசலில் முளைக்கும் அரசையும் யாரும் நடவில்லை.

ஆரோவில் இதைப் பெரிய அளவில் காட்டிய இடம். 1968-ல் அந்த நகரம் தொடங்கியபோது, வானூர் பக்கத்துச் செம்மண் மேட்டில் மழை அரித்த ஓடைகளும் பனைகளும் தவிர அதிகம் இல்லை. முதலில் வந்தவர்கள் எது பிழைக்குமோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்தது, மண்ணைப் பிடித்தது. பிறகு சிலர் சுற்றுவட்டாரக் கோயில்காடுகளைத் தேடிப் போய், அங்கிருந்து விதை சேர்த்து, இந்த மண்ணின் மரங்களையும் புதர்களையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1973-ல் ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு அப்படி எழுந்தது. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைத்ததிலும் பிச்சாண்டிக்குளத்தாரின் பங்கு பெரியது. கொஞ்சம் நிழலும் உட்காரக் கிளையும் கிடைத்ததும் ஆரோவில்லுக்குப் பறவைகள் வந்தன. வந்தவை எச்சத்தில் விதை கொண்டுவந்தன. மனிதர் நட்ட மரத்தின் கீழே மனிதர் நடாத செடிகள் முளைத்தன. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது கத்திச்சவுக்கு நிறைய சாய்ந்தது. மெல்ல வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன.

பறவை தேர்ந்து நடுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. உண்ணிச்செடியின் கருநீலப் பழத்தை அது அதே ஆசையோடு தின்று, அதே தாராளத்தோடு பரப்புகிறது. எந்தப் பழம் ஊரில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் வேலை நமக்குத்தான் இருக்கிறது. அந்த வேலையைக் கவனமாகச் செய்துவிட்டால் மற்றதைப் பறவை பார்த்துக்கொள்ளும்.

பழம் மட்டும் போதாது. இங்கேதான் தோட்டம் வைப்பவரின் மனம் தடுமாறுகிறது. வளர்ந்த பறவை பழம் தின்னும், தேன் குடிக்கும். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவையும் சிலந்தியையும். தேன்சிட்டுகூடத் தன் குஞ்சைத் தேன் ஊட்டி வளர்ப்பதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை ஒட்டிய வீட்டுத் தோட்டங்களில் கரோலைனா சிக்கடி என்ற சிறு பறவையைத் தொடர்ந்து கவனித்து, 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோட்டத்துத் தாவரங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் அந்த மண்ணுக்கே உரியவையாக இருந்த இடங்களில்தான் அந்தப் பறவை தன் எண்ணிக்கை குறையாமல் தழைத்தது. வெளிநாட்டு அலங்காரச் செடி நிறைந்த தோட்டம் பச்சையாக இருந்தும் பயனில்லை. உள்ளூர்ப் புழுக்களுக்கு அந்த இலை பழக்கமில்லை. இந்தச் சின்னஞ்சிறு பறவையின் ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிக்கடி நம் பறவை இல்லை. கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. விதி பொருந்தும். வீட்டு வாசலில் ஆவிரை வைத்தால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும், புழு இலையைத் தின்னும், செடி சில நாள் அலங்கோலமாக நிற்கும். அந்த அலங்கோலம்தான் தையல்சிட்டின் சமையலறை. ஓட்டை விழாத இலை வேண்டும் என்று மருந்து அடிப்பவர் வீட்டில் எந்தக் குஞ்சும் வளராது. கழனியில் இது நமக்குப் புரிந்தே இருக்கிறது. மல்லாட்டையிலும் நெல்லிலும் பறவை உட்காரக் குச்சி நட்டு வைக்கும்படி வேளாண் துறையினர் சொல்கிறார்கள். கரிச்சான் அதில் வந்து உட்கார்ந்து பூச்சியைப் பிடிக்கிறது. கழனியில் புழு தின்ன அழைக்கும் விருந்தாளியை வீட்டு வாசலில் பட்டினி போடுகிறோம்.

இலைச்சருகும் அப்படித்தான். ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து சேரும் தோட்டக்கள்ளனை, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்பார்கள். இரவெல்லாம் பறந்து களைத்து, நகரத்து வீடுகளில் விழுந்து கிடப்பதை ஒவ்வொரு ஆண்டும் யாராவது கண்டெடுக்கிறார்கள். அது சருகைக் கிளறிப் புழு தேடும் பறவை. பெருக்கி எரித்துவிட்ட முற்றத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

"பொதரை வச்சிக்கினு இருந்தா பாம்பு வரும்" என்பார்கள். இந்தப் பேச்சைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. பாம்புக்கடி கழனி வேலை செய்கிறவர்களுக்குக் கதையில்லை, குடும்பத்தை முடக்கும் உண்மை. பயத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் புதரை வைக்கவேண்டும். வாசற்படியையும் கிணற்றடியையும் விட்டு, சுற்றுச்சுவர் ஓரமாக, பிள்ளைகள் ஓடும் வழியில் இல்லாமல் வைக்கலாம். பாம்பை வீட்டருகே இழுப்பது பெரும்பாலும் எலி. எலியை இழுப்பது சிந்திய தானியமும் குப்பையும் அடுக்கி வைத்த பழைய செங்கல்லும். புதரை வெட்டிவிட்டுக் குப்பையை வைத்திருப்பதில் பாதுகாப்பு இல்லை. இருந்தாலும் இருட்டில் விளக்கோடு நடக்கும் பழக்கம் வேண்டும். இது கொஞ்சம் சிரமம்தான்.

அந்தச் சிரமத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உயர மரம் நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. நம் தலைக்கு மேலே, நாம் பயன்படுத்தாத வானத்தில் அது வளர்கிறது, நிழலையும் தருகிறது. அதை நடும்போது நாம் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. புதர் அப்படியில்லை. அது நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறது. வண்டி நிறுத்தும் இரண்டடியைக் கேட்கிறது, சேலையில் முள் மாட்டுகிறது, சுத்தம் என்று நாம் நம்புவதைக் குலைக்கிறது, பயத்தைக் கூடவே கூட்டிவருகிறது. மரம் நடுவது உபரியிலிருந்து கொடுப்பது. புதர் வைப்பது இருப்பிலிருந்து கொடுப்பது.

இருப்பிலிருந்து கொடுத்த ஒருவனை நினைவூட்டியபடி, காணைக்கு மேற்கே திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. நண்பன் பாரி மறைந்தபின், அவன் மகளிரைப் பாதுகாப்பாக ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் நம்புகிறது. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் கபிலர் தீப்புகுந்த கல்லைப் பற்றிச் சொல்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியவர் அவர். அவற்றில் ஆவிரை இருக்கிறது, காயா இருக்கிறது. அந்தக் காயாதான் இன்று கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் காட்டில் காசான் என்று நிற்கிறது. பள்ளியில் பாரியைப் பற்றிப் படித்தபோது, ஒரு கொடிக்குப் போய் யாராவது தேரைக் கொடுப்பார்களா, நாலு குச்சி நட்டால் போதாதா என்று நமக்குத் தோன்றியிருக்கும். அரண்மனைக்கு ஆள் அனுப்பிப் பந்தல் போடச் சொல்லியிருக்கலாம். அது உபரி. அவன் அந்த நேரத்தில் தான் ஏறி வந்த தேரை, தான் நின்றுகொண்டிருந்த உயரத்தையே, கொடுத்துவிட்டு மிச்ச வழியை நடந்தான். ஒரு கொடி படர வேண்டும் என்றால் ஒரு மனிதன் இறங்க வேண்டியிருந்தது. நாமும் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்துதான் பறவைக்குக் கொடுக்க முடியும். வேறு எங்கிருந்து கொடுத்தாலும் அதற்கு எட்டாது.

எங்கள் மாவட்டத்தில் நீர்ப்பறவைகளுக்கென்று கழுவேலி இருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த உவர்நீர்ப் பரப்பை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அது நல்ல செயல். தையல்சிட்டுக்கும் சின்னானுக்கும் அப்படி ஓர் அரசாணை வரப்போவதில்லை, தேவையும் இல்லை. அவற்றின் சரணாலயம் ஒரு பள்ளிக்கூடச் சுவரின் உள்பக்கம் இரண்டு முழ அகலத்தில் அடங்கிவிடும். ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலியோரம், சுடுகாட்டுப் பாதையில், ஏரி வாய்க்கால் ஓரத்தில் என்று அப்படிப்பட்ட இரண்டு முழங்கள் காணையில் எவ்வளவோ கிடைக்கும்.

காரை, களா, சூரை, நறுவிலி இவற்றின் கன்று எல்லா நர்சரியிலும் கிடைக்காது. பழுக்கும் பருவத்தில் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பழம் பொறுக்கி, சதை கழுவி, பையில் ஊன்றி வைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குக் கன்று தயார். நொச்சிக்கும் ஆடாதொடைக்கும் போத்து வெட்டி ஊன்றினாலே போதும். நெருக்கமாக, வரிசை பார்க்காமல் வைக்கவேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் ஆட்டுக்குத் தடுப்பும் வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு வேலைதான். சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் இடத்தைச் சுத்தம் செய்ய நூறு நாள் வேலைக்காரர்கள் கொடுவாளோடு வரும்போது, யாராவது ஒருவர் அங்கே நிற்கவேண்டும். நின்று, மரியாதையாகச் சொல்லவேண்டும்: "அத வெட்டாதீங்கம்மா. அது தானா மண்டின பொதர் இல்ல, நாங்க வச்சது."